முதல் நூலுக்குச் செல்லும் வழி: சிங்கப்பூரில் தமிழில் எழுதத் தொடங்குவோருக்கு

சிங்கப்பூரில் இருந்துகொண்டு தமிழில் ஒரு நூலை அச்சிட்டுவிடுவது இன்று எளிது. கதைகளைத் தட்டச்சு செய்து, சேமிப்பில் ஒரு பகுதியை ஒதுக்கினால், சென்னையிலுள்ள ஓர் அச்சகம் சில வாரங்களில் 300 படிகளைப் பெட்டிகளில் கட்டி அனுப்பிவிடும். நம்மை அறியாத ஒருவர் அந்தப் படிகளில் ஒன்றை நூலக அடுக்கிலிருந்து எடுத்து, நின்றபடியே இரண்டு பக்கங்களைப் படித்து, பிறகு வீட்டுக்கு எடுத்துச் செல்லும்படி எழுதுவதுதான் அரிது. என் முதல் கதைக்கும் என் முதல் சிறுகதைத் தொகுப்புக்கும் இடையே 11 ஆண்டுகள் கடந்தன. அந்தக் காலத்தில் நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைத்தவை: ‘இது இன்னும் சரியாக வரவில்லை’ என்று சொல்லக்கூடிய ஒருவரிடம் எழுத்தைக் காட்டாமலேயே அடுத்த கட்டத்துக்குச் சென்றுவிட்டேன். ஆகவே, உங்கள் எழுத்தை மறுக்கும் தகுதியுள்ளவரை ஒவ்வொரு படியிலும் எங்கே தேடுவது, அவர் சொல்வதை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பவற்றுக்கே இந்த வழிகாட்டியில் முதலிடம் தந்திருக்கிறேன்.

முதற்படி: இங்கே எழுதப்பட்டவற்றைப் படியுங்கள்

இந்தத் தீவில் ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் வார இதழ் 1887ஆம் ஆண்டிலேயே வெளிவரத் தொடங்கியது. ‘தமிழ் முரசு’ 1935 முதல் வெளிவருகிறது. ஆனாலும், தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்து எழுதத் தொடங்கும் நண்பர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்த இளையர்களும், ‘இதைப் பற்றி இங்கே யாரும் எழுதவில்லை’ என்று நம்பியே முதல் கதையைத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்தின் லீ கோங் சியான் நோக்கு நூலகத்தில் சில சனிக்கிழமைகளைச் செலவிட்ட பிறகு, நான் புதிதென்று எண்ணிய மூன்று கருக்களும் எனக்கு முன்பே, என்னைவிடச் சிறப்பாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன்.

சிங்கப்பூர் விடுதலை பெற்ற 50 ஆண்டுகளை ஒட்டி, 1965 முதல் இங்கு வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்கள் பல மின்னிலக்க வடிவில் ஆவணப்படுத்தப்பட்டுள்ளன. அவற்றுள் குறைந்தது 20 நூல்களையாவது வாசிக்காமல் தொகுப்பைப் பற்றிச் சிந்திக்க வேண்டாம் என்பது என் கருத்து. படிக்கும்போது கதையை மட்டும் பாராமல், முன்னோர்கள் இங்குள்ள பொருள்களையும் இடங்களையும் எந்தச் சொல்லால் குறித்தார்கள் என்பதைத் தனிக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். அந்தக் குறிப்பேடு பிற்பாடு மெய்ப்பு பார்க்கும் (அச்சுக்கு முன் பிழை திருத்தும்) கட்டத்தில் எவ்வளவு உதவும் என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: ஒரு கதையை எழுதி, அறிமுகமில்லாதவர்கள் முன் வையுங்கள்

குடும்பத்தினரும் உடன் பணிபுரிபவர்களும் முதல் வாசகர்களாக இருப்பது இயல்பு. ஆனால் அவர்கள் நம்மை நேசிப்பதால் கதையையும் நேசித்துவிடுகிறார்கள். 1976இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் ‘கதைக்களம்’ என்ற கலந்துரையாடலை நடத்திவருகிறது. நூலகங்களில் கூடும் வாசகர் வட்டங்கள் பலவற்றுக்கும் புதியவர்கள் தாராளமாகச் செல்லலாம். முதல் இரண்டு, மூன்று கூட்டங்களில் பிறர் படைப்புகள் எப்படிப் பேசப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். யாருடைய கருத்தைக் கேட்டதும் கதையை மீண்டும் எடுத்துப் பார்க்கத் தோன்றுகிறதோ, அவரிடம் பின்னர் உங்கள் கதையைக் கொடுங்கள்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் நடுப்பகுதியில் நிகழ்வதாக நான் எழுதிய ஒரு கதையில், ஒரு பாட்டி சந்தையிலிருந்து காய்கறிப் பைகளோடு திரும்பி, மின்தூக்கியில் ஏறி 7ஆம் மாடியில் இறங்கித் தன் வீட்டுக் கதவைத் திறப்பாள். கூட்டத்தில் அதைப் படித்து முடித்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கையை உயர்த்தி, “அந்தப் புளோக்கில் மின்தூக்கி எந்தெந்த மாடியில் நிற்கும்?” என்று கேட்டார். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. அக்காலத்து அடுக்குமாடிகள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காது என்பதையும், எல்லா மாடிகளிலும் நிற்கும் வகையில் அவற்றை மேம்படுத்தும் திட்டம் 2001இல்தான் தொடங்கியது என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். “அந்தம்மா 5ஆம் மாடியில் இறங்கி ஏறியிருக்க மாட்டாங்க. 9ஆம் மாடிக்குப் போய், இரண்டு மாடி இறங்கி வந்திருப்பாங்க. பையோட ஏறுறதைவிட இறங்குறது சுலபம்,” என்றார்.

அன்றிரவு அந்தக் காட்சியை மாற்றி எழுதினேன். 9ஆம் மாடியில் இறங்கிய பாட்டி, முழங்கால் வலியோடு படிக்கட்டுச் சுவரைப் பிடித்தபடி இறங்குகிறாள்; 8ஆம் மாடியில் பையை வைத்துவிட்டு மூச்சு வாங்குகிறாள்; அங்கே தாழ்வாரத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெண் ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு உடன் வருகிறாள். முதல் வரைவில் அந்தப் பெண்ணே இல்லை. இறுதியில் கதை அவ்விருவரின் நட்பைப் பற்றியதாக ஆயிற்று. என் தொகுப்பில் வாசகர்கள் இன்றும் நினைவுகூரும் கதை அதுதான். தகவல் பிழை ஒன்றைச் சுட்டிக்காட்டிய கேள்வி, கதையின் உயிர் எங்கே இருக்கிறது என்பதையும் காட்டிக்கொடுத்தது.

விமர்சனத்தைக் கேட்கும்போது பதில் சொல்லாதீர்கள். சொல்லப்படுவதை அப்படியே எழுதிக்கொண்டு, ஒரு வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள். தொடர்பில்லாத இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்திருந்தால், அவர்கள் சொல்லும் தீர்வு தவறாக இருந்தாலும், அந்த இடத்தில் ஏதோ ஒரு குறை உள்ளது. ‘அருமை’ என்ற சொல்லோடு முடிந்துவிடும் பாராட்டு மனத்துக்கு இதமளிக்கும். திருத்தும் வேலைக்கு அது உதவாது.

மூன்றாம் படி: இதழ்களுக்கும் போட்டிகளுக்கும் அனுப்புங்கள்

‘தமிழ் முரசு’ ஞாயிறு பதிப்பு, ‘தி சிராங்கூன் டைம்ஸ்’ மாத இதழ், தமிழகத்தின் இலக்கிய இதழ்கள், இணைய இதழ்கள் ஆகிய அனைத்தும் புதியவர்களின் படைப்புகளைப் பரிசீலிக்கின்றன. ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது மரியாதையாகாது. சமூக ஊடகத்தில் பதிவிட்ட கதையை வெளியானதாகவே கருதும் ஆசிரியர்கள் பலர் இருப்பதால், அவசரப்பட்டு அங்கே பதிவிட்டுவிட வேண்டாம். ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பாக அனுப்புங்கள். கைப்பேசியில் எடுத்த படமாகவோ, பிடிஎஃப் (PDF) கோப்பாக மட்டுமோ அனுப்பினால், அதை மறுபடியும் தட்டச்சு செய்ய எந்த இதழ் அலுவலகத்திலும் ஆள் இருக்க மாட்டார்கள்.

ஒரு குறிப்பேட்டில் கதையின் பெயர், சொல் எண்ணிக்கை, அனுப்பிய நாள், அனுப்பிய இடம், கிடைத்த பதில் ஆகியவற்றைப் பதிவுசெய்யுங்கள். முதல் நான்கு ஆண்டுகளில் நான் 23 முறை கதைகளை அனுப்பியதையும், அவற்றில் 5 மட்டும் வெளியானதையும் என் குறிப்பேடு காட்டுகிறது. மறுக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வரவில்லை. மூன்று மாதம் காத்திருந்து, ஒரு முறை பணிவுடன் கேட்டு, பின்னர் வேறிடத்துக்கு அனுப்பலாம். அனுப்புமுன் கதையை மறுபடியும் ஒரு முறை திருத்தி எழுதினால், காத்திருந்த காலம் பயனுள்ளதாகிவிடும்.

போட்டிகளில், தேசிய கலைகள் மன்றத்தின் தங்கமுனை விருதை முதலில் கவனத்தில் கொள்ளுங்கள். 1993 முதல் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் நடந்துவரும் இந்தப் போட்டியில் படைப்பை நடுவர்கள் எழுதியவர் யாரென்று அறியாமல் வாசிக்கிறார்கள் என்பதால், நம் பெயருக்கோ பழக்கத்துக்கோ அங்கே எடையில்லை. விதிமுறைகளையும் சொல் வரம்பையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் படியுங்கள். சென்ற முறை இருந்ததுபோலவே இம்முறையும் இருக்கும் என்று எண்ணி அனுப்பிய நல்ல கதைகள் வாசிக்கப்படாமலே ஒதுக்கப்படுவதுண்டு.

ஒரு வருத்தத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஓர் இதழ் என் கதையின் கடைசி இரண்டு பத்திகளை நீக்கி வெளியிட்டது. அச்சான பிறகே எனக்குத் தெரிந்தது. இடப் பற்றாக்குறை என்றார்கள். அதன் பின்னர், கதையை அனுப்பும்போதே ‘சுருக்க நேர்ந்தால் எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன், நானே சுருக்கித் தருகிறேன்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். அந்த வரியைச் சேர்க்கத் தொடங்கிய பின் என் கதை ஒன்றும் வெட்டுப்பட்டதில்லை.

நான்காம் படி: தொகுப்புக்குத் தேர்ந்தெடுத்தல்

எழுதிய அனைத்தையும் நூலில் சேர்க்க வேண்டியதில்லை. என்னிடம் அப்போது இருந்த 31 கதைகளில் 12 மட்டுமே நூலில் இடம்பெற்றன. பரிசு பெற்ற ஒரு கதையையும் விட்டுவிட வேண்டியிருந்தது. மற்றக் கதைகளுக்கு நடுவே அது வேறொருவர் எழுதியதுபோல் ஒலித்தது. தேர்வை நீங்களே செய்து முடித்துவிடாமல், வாசகர் வட்டத்தில் நீங்கள் நம்பும் இருவரிடம் மொத்தக் கதைகளையும் கொடுத்து, விட வேண்டியவை எவை என்று மட்டும் கேளுங்கள். சேர்க்க வேண்டியவை எவை என்று கேட்டால், மனம் நோகக் கூடாதென்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

ஐந்தாம் படி: செம்மையாக்கமும் மெய்ப்பும்

இந்தப் படியில் அவசரப்பட்டவர்களின் நூல்களைத்தான் நூலக அடுக்குகளில் அதிகம் காண்கிறேன். செம்மையாக்கம் வேறு, மெய்ப்பு திருத்துதல் வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். செம்மையாக்குபவர் கதையின் அமைப்பு, நடை, முரண், தகவல் ஆகியவற்றைக் கேள்வி கேட்பவர்; மெய்ப்புத் திருத்துநர் பக்கம் வடிவமைக்கப்பட்ட பிறகு எழுத்துப் பிழை, சந்திப் பிழை, வரி முறிவு ஆகியவற்றைப் பார்ப்பவர். இரண்டையும் ஒருவரே ஒரே வாசிப்பில் செய்தால் இரண்டுமே அரைகுறையாகும். தமிழ்ப் பதிப்புலகில் செம்மையாக்குநர் இல்லாத நிறுவனங்களே மிகுதி என்பதால், அந்த வேலையை நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கலாம். அதற்குச் செலவிடும் பணத்தை வீண் என்று எண்ணாதீர்கள். அட்டைப்படத்தில் மிச்சப்படுத்தியாவது இதைச் செய்யுங்கள்.

சிங்கப்பூர் எழுத்தாளருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. என் நூலின் முதல் மெய்ப்பு சென்னையிலிருந்து வந்தபோது, ‘கடைக்காரரிடம் இரண்டு வெள்ளி பாக்கி வைத்திருந்தாள்’ என்று நான் எழுதியிருந்த வாக்கியம், ‘கடைக்காரரிடம் இரண்டு வெள்ளிக்கிழமை பாக்கி வைத்திருந்தாள்’ என்று மாறியிருந்தது. அடுத்த பக்கத்தில், ‘தேக்காவில் மீன் வாங்கினாள்’ என்பது ‘தேக்கடியில் மீன் வாங்கினாள்’ என்று ஆகியிருந்தது. திருத்தியவர் மேல் குறை சொல்வதற்கில்லை. டாலரை நாம் வெள்ளி என்போம் என்பதோ, லிட்டில் இந்தியாவில் தேக்கா என்று ஒரு சந்தை உண்டு என்பதோ அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வாக்கியத்துக்குப் பொருள் வர வேண்டும் என்ற அக்கறையில் அவருக்குத் தெரிந்த சொல்லை இட்டிருக்கிறார். அவருக்கு அதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டது என் தவறு.

அதனால்தான் முதற்படியில் சொன்ன குறிப்பேடு தேவை. அதிலிருந்து ஒரு சொற்பட்டியலைத் தயாரித்து, கையெழுத்துப் படியோடு சேர்த்து அனுப்புங்கள். வெள்ளி, புளோக், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), மசேநி (மத்திய சேம நிதி), கோப்பிக் கடை, ஈரச் சந்தை, அஞ்சடி (கடைகளுக்கு முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை), பெருவிரைவு ரயில், தேசிய சேவை என்று இங்கே வழங்கும் சொற்களையும், தோ பாயோ, அங் மோ கியோ, தெம்பனிஸ், ஈசூன், பொத்தோங் பாசிர் முதலிய இடப்பெயர்களையும், நீங்கள் பின்பற்றும் எழுத்துக்கூட்டலோடு ஒரு பக்கத்தில் பட்டியலிட்டு, எதிரே ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். ‘இவற்றை மாற்ற வேண்டாம்’ என்று தலைப்பிலேயே குறிப்பிடுங்கள். ‘தமிழகத்து வாசகர்களுக்குப் புரியாது, காபிக் கடை என்று மாற்றிவிடலாமே’ என்று பதிப்பாளர் கேட்கக்கூடும். மதுரைத் தமிழையும் நாஞ்சில் நாட்டுத் தமிழையும் விளக்கமில்லாமலே படித்துப் பழகிய வாசகர்கள் சிங்கப்பூர்த் தமிழையும் படிப்பார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை. இந்த ஒரு விஷயத்தில் எழுத்தாளர் விட்டுக்கொடுக்கக் கூடாது.

எழுத்துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அச்சுலகில் பழைய எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. ஒருங்குறிக் கோப்பு அவற்றுக்கு மாறி, மீண்டும் ஒருங்குறிக்குத் திரும்பும்போது சில எழுத்துகள் சிதைகின்றன. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறியைக் கொம்பும் ‘ள’ என்ற எழுத்தும் சேர்த்து உருவாக்குவார்கள். ஆகவே ‘பௌர்ணமி’ என்பது ‘பெளர்ணமி’ என்றாகிவிடும். கண்ணுக்கு வேறுபாடு எளிதில் தெரியாது. ஆனால் மின்னூலில் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. இதைக் கண்ட ஒரு வடிவமைப்பாளர், கொம்பும் ளகரமும் வரும் இடமெல்லாம் ஒரே கட்டளையில் ஔகாரமாக மாற்றிவிட, ‘வெள்ளி’, ‘தெளிவு’, ‘வெளியே’ ஆகிய சொற்கள் அனைத்தும் என் மெய்ப்பில் சிதைந்து வந்தன. இத்தகைய மாற்றத்தை ஒவ்வோர் இடமாகப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். எந்த எழுத்துருவில் பக்கம் வடிவமைக்கப்படும் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டு, ஒருங்குறியிலேயே வடிவமைக்கும்படி வலியுறுத்துங்கள்.

மெய்ப்பைத் திரையில் படிக்காதீர்கள். அச்செடுத்து, ஓர் அளவுகோலை வரியின் கீழ் வைத்து, வாய்விட்டுப் படியுங்கள். மெய்யெழுத்தோடு ஒரு வரி தொடங்கியிருந்தால் அதையும் சுழித்துவிடுங்கள். குறைந்தது மூன்று மெய்ப்புகள் வேண்டும். மூன்றாவதை, கதைகளை அதுவரை படித்தே இராத ஒருவரிடம் கொடுங்கள். நாம் எழுதியதை நாமே படிக்கும்போது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட மனத்தில் என்ன இருக்கிறது என்பதையே கண் படிக்கிறது.

ஆறாம் படி: பதிப்பாளரும் ஒப்பந்தமும்

பதிப்பாளர்களில் மூன்று வகையினரை நீங்கள் சந்திப்பீர்கள். தம் செலவில் அச்சிட்டு உங்களுக்கு உரிமைத்தொகை தருபவர் முதல் வகை. உங்களிடம் பணம் பெற்றோ, குறிப்பிட்ட படிகளை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடோ அச்சிடுபவர் இரண்டாம் வகை. உங்களையே பதிப்பாளராகக் கொண்டு அச்சு வேலையை மட்டும் முடித்துத் தருபவர் மூன்றாம் வகை. மூன்றிலும் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் வகையினர் முதல் வகையினரைப்போல் பேசும்போதுதான் புதியவர்கள் ஏமாற்றமடைகிறார்கள். வெளிநாட்டில் வாழும் எழுத்தாளர் என்றதும் கையெழுத்துப் படியைத் திறந்து பார்க்காமலே செலவுக் கணக்கை அனுப்பியவர்களும் உண்டு. உங்கள் கதைகளில் எவை பிடித்தன, எவற்றை நீக்கலாம் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவர் அதைப் படிக்கவில்லை. நான் இறுதியில் தேர்ந்தெடுத்த பதிப்பாளர் முதல் கடிதத்திலேயே 12 கதைகளில் மூன்றைத் திருப்பி அனுப்பி, திருத்தித் தரும்படி கேட்டவர்.

சென்னைப் புத்தகக் காட்சி ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நடைபெறுகிறது. புதிய நூல்களை அதற்குள் கொண்டுவரப் பதிப்பாளர்கள் விரும்புவதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை அச்சகங்களில் நெருக்கடி மிகுந்திருக்கும். அக்காலத்தில் அனுப்பும் கையெழுத்துப் படிக்கு உரிய கவனம் கிடைப்பதில்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அனுப்பினால், நிதானமாகப் படித்து, அடுத்த காட்சிக்குள் கொண்டுவர அவர்களுக்குப் போதிய அவகாசம் இருக்கும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை படிகள், எந்த விலை, உரிமைத்தொகை எத்தனை விழுக்காடு, கணக்கு எப்போது தரப்படும், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகள் யாரிடம், எத்தனை ஆண்டுகளுக்கு, நூல் விற்பனையில் இல்லாமல் போனால் உரிமை உங்களிடம் திரும்புமா என்பவை தெளிவாக இருக்கட்டும். தமிழில் உரிமைத்தொகை பொதுவாக நூலின் விலையில் 10 விழுக்காடு. 200 ரூபாய் விலையுள்ள நூலின் 300 படிகளும் விற்றால் உங்களுக்கு 6,000 ரூபாய் வரும். இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்த்துவிட்டால் பின்னர் மனக்கசப்பு வராது.

பதிப்புரிமைக்கு இங்கே பதிவு எதுவும் தேவையில்லை. எழுதிய கணத்திலேயே அது உங்களுக்கு உரியதாகிவிடுகிறது. சிங்கப்பூரில் எழுத்தாளரின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும், இந்தியாவில் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். 2021 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படமானாலும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அதன் உரிமை எடுத்தவரிடமே இருக்கும். ஆகவே அட்டைக்கு ஒரு நண்பரின் புகைப்படத்தைப் பயன்படுத்தினாலும் அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: அச்சும் பணமும்

நீங்களே பதிப்பாளராக இருந்தால், உலகத் தர நூல் எண்ணை (ISBN) தேசிய நூலக வாரியத்திடம் கட்டணமின்றிப் பெறலாம். நூல் அச்சுக்குச் செல்லும் முன்பே விண்ணப்பியுங்கள். தேசிய கலைகள் மன்றத்தின் நிதி ஆதரவை நாடுவதாக இருந்தாலும் இதே விதிதான். செலவழித்து முடித்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. மன்றம் கேட்கும் மாதிரிப் பக்கங்களும் செலவுத் திட்டமும் உங்கள் நூலைப் பற்றி உங்களையே தெளிவாகச் சிந்திக்க வைக்கும். அந்த விண்ணப்பத்தைப் படிப்பவர்களும் மறுக்கும் உரிமையுள்ள வாசகர்களே.

பரவலாக வழங்கும் டெமி அளவில் 16 பக்கங்கள் ஒரு பாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கங்களின் தொகுதி). 160 பக்க நூலுக்கு 10 பாரங்கள் போதும். 163 பக்கங்களுக்கு நீண்டால் இன்னொரு பாரமோ அரைப் பாரமோ தேவைப்படும். மூன்று பக்கங்களுக்காக அதிகச் செலவு செய்வதைவிட, முன்னுரையைச் சுருக்கி 160க்குள் அடக்கும்படி வடிவமைப்பாளரிடம் கேட்கலாம். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் இந்தக் கட்டுப்பாடு குறைவு. 50 படிகள்கூட அச்சிடலாம். முதல் நூலுக்கு 300 படிகளுக்கு மேல் வேண்டாம் என்பதே என் அறிவுரை. 160 பக்க நூல் ஏறத்தாழ 200 கிராம் எடை இருக்கும் என்பதால், 300 படிகள் 60 கிலோ அளவில் வரும். விமானம் அல்லது அஞ்சல் வழி வரும் சரக்கின் மதிப்பு, அனுப்பும் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 400 வெள்ளியைத் தாண்டினால், இறக்குமதியின்போது 9 விழுக்காடு பொருள், சேவை வரி செலுத்த வேண்டும். வீவக வீட்டில் அந்தப் பெட்டிகளை வைக்க இடம் எது என்பதையும் வீட்டாரோடு பேசி முடிவுசெய்துவிடுங்கள்.

எட்டாம் படி: வெளியீடும் அதன் பிறகும்

தமிழ்மொழி விழா நடைபெறும் ஏப்ரல் மாதத்தில் வார இறுதிகள் எல்லாம் நிகழ்ச்சிகளால் நிறைந்திருக்கும். வேறு மாதத்தில் வெளியிட்டால் கூட்டம் சிதறாது. வாழ்த்துரை வழங்கப் பலரை அழைப்பதைவிட, ஒரே ஒருவரிடம் நூலை ஒரு மாதம் முன்னதாகக் கொடுத்து, 20 நிமிடம் குறைநிறைகளோடு பேசச் சொல்லுங்கள். என் நூல் வெளியீட்டில் பேசியவர் இரண்டு கதைகள் தமக்கு நிறைவளிக்கவில்லை என்று காரணத்தோடு சொன்னார். அன்று நூலை வாங்கியவர்களில் பலர் அந்த இரண்டு கதைகளைத்தான் முதலில் படித்ததாகப் பின்னர் தெரிவித்தார்கள்.

சிங்கப்பூரில் பதிப்பித்த நூலாயின், வெளியான நான்கு வாரங்களுக்குள் இரண்டு படிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டியது சட்டப்படியான கடமை. இந்தியாவில் பதிப்பித்திருந்தாலும் நூலகத்தாருக்குத் தெரிவியுங்கள். சிங்கப்பூர் புத்தக மன்றம் வழங்கும் சிங்கப்பூர் இலக்கியப் பரிசில் தமிழ்ப் பிரிவு உண்டு. எந்தக் காலத்தில் வெளியான நூல்கள் தகுதிபெறும் என்பதைக் கவனித்து விண்ணப்பியுங்கள். யாருக்கு எத்தனை படிகள் கொடுத்தீர்கள், எவை விற்றன, எவை மதிப்புரைக்குச் சென்றன என்பதையும் பழைய குறிப்பேட்டிலேயே எழுதிவாருங்கள்.

நூல் வந்த அன்றே ஒரு படியை எடுத்து, முதல் பக்கத்தில் ‘திருத்தப் படி’ என்று எழுதித் தனியே வைத்துவிடுங்கள். வாசகர்கள் சொல்லும் பிழைகளையும், நீங்கள் பின்னர் கண்டறிபவற்றையும் அதில் சிவப்பு மையில் குறியுங்கள். என் திருத்தப் படியில் இதுவரை 31 இடங்களில் குறியிட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்று, 8ஆம் மாடித் தாழ்வாரத்தில் அந்த மலாய்க்காரப் பெண் உலர்த்திய துணியைப் பற்றியது. அக்காலத்தில் மூங்கில் கழிகளைச் சமையலறைச் சன்னலுக்கு வெளியே நீட்டித்தான் துணி உலர்த்துவார்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பொதுத் தாழ்வாரத்தில் கொடி கட்டியவர்களும் இருந்ததாக வேறு இருவர் சொல்கிறார்கள். அந்த வரியின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டுவைத்திருக்கிறேன். இரண்டாம் பதிப்புக்கு முன் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.